ஒட்டுத்துணிப் போர்வையும் மறையும் கோடும்

உம்மா மௌத்தான பிறகு அவருடைய அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது, பழைய தலையணை உறையொன்றுக்குள் மடித்து வைத்த ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் 3 அங்குலச் சதுரம். அகலத்தில் 20 சதுரம், நீளத்தில் 19 வரிசை. கூடவே சதுரம் வெட்டுவதற்கு வைத்திருந்த மட்டை அச்சும் இருந்தது. அதன் முதுகில் உம்மாவின் கையெழுத்தில் பென்சிலால் '20 – 26' என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் இன்னும் 7 வரிசை குறை.

ஒட்டுத்துணிப் போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகள் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் ஒரு வெற்றுத்துணி. இந்த மூன்றையும் ஊடுருவி ஓடுகிற ஓட்டத் தையல்தான் அதைப் போர்வையாக்குகிறது. உம்மாவின் விரிப்பில் மேல்துணி மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை நான் முடிப்பது என்று தீர்மானித்தபோது இரண்டு கேள்விகள் வந்து நின்றன. என்ன கோலத்தில் தைப்பது? அந்தக் கோலத்தைத் துணியில் எதனால் வரைவது?

சின்னக் கேள்விகள்தானே என்று நினைத்தேன். நான் முப்பது வருஷம் வரலாறு படிப்பித்த ஆசிரியை. எந்தக் கேள்வியையும் பழைய காலத்துக்குக் கொண்டுபோகாமல் எனக்கு விட ஏலாது. அப்படித் தேடியதில் தெரிந்ததையும், அது என் கையிலிருந்த விரிப்புக்கு எப்படி உதவியது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

துணி வந்த வழி

உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். உம்மாவின் தம்பி, என் மாமா, சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் தையல் தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கனபேர். கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை மாமா ஒரு பொட்டலமாகக் கட்டி, கொழும்புக்கு வருகிற தெரிந்த ஆட்களிடம் கொடுத்து யாழ்தேவியில் அனுப்புவார். சேர்ட்டுத் துணிப் பொப்ளின், பள்ளிக்கூட உடுப்பின் வெள்ளை, சாரத் துண்டு, பூப்போட்ட சீத்தை எல்லாம் அதற்குள் இருக்கும். உம்மா அவற்றைக் கழுவாமலே நிறம் பிரித்து வைப்பார். என் கலியாணத்துக்கென்றுதான் இந்த விரிப்பைத் தொடங்கினார்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்தேவி நின்றது, பொட்டலமும் நின்றது. அந்த வருஷம் ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். மாமாவும் குடும்பமும் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். கத்தரிக்கோல், மெஷின், அளவுப் புத்தகம், யாருக்கோ தைத்து வைத்த உடுப்புகள் எல்லாம் கடையிலேயே நின்றுவிட்டன.

உம்மாவின் விரிப்பு 19ஆம் வரிசையில் நின்றது அப்போதுதான். புறக்கோட்டையில் துண்டுத் துணி இல்லாமலா? நான் வாங்கி வருகிறேன் என்று சொன்னேன். "அந்தத் துணியோட இந்தத் துணி ஒட்டாது பிள்ளை, விடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

கோலம் அழகுக்கு மட்டுமல்ல

போர்வையின் நடு அடுக்கு என்ன என்பதைப் பொறுத்துத்தான் கோலம் அமைகிறது. இலவம்பஞ்சு வழுக்கும், ஒரு மூலையில் போய்ச் சேரும். பிரித்து வைத்த பருத்திப் பஞ்சும் கழுவக் கழுவக் கட்டிபடும். ஆகவே பழைய போர்வைகளில் தையற் கோடுகள் 2 அங்குலத்துக்குள் நெருக்கமாக ஓடும். இன்று கடையில் விற்கிற, ஊசியால் அடித்து இறுக்கிய பஞ்சுத் தகட்டுக்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. 8 அங்குலம் விட்டும் தைக்கலாம். பழைய போர்வைகளில் பார்க்கிற நெருக்கமான கட்டங்களும் வளைவுகளும் முதலில் பஞ்சைப் பிடித்து வைக்கத்தான் வந்தன. அழகு அதற்குப் பிறகு வந்தது.

அடுத்தது துணியின் நிறம். வெற்றுத்துணியில் தையல் எழும்பித் தெரியும். பூப்போட்ட துணியில் எவ்வளவு நுட்பமாகத் தைத்தாலும் கண்ணுக்குப் படாது. இறகு, கொடி, பூ என்று மினக்கெட்டுத் தைப்பவர்கள் அதை வெற்றுத்துணியில்தான் வைப்பார்கள். சீத்தையும் கோட்டுத்துணியும் கலந்து கிடக்கிற இடத்தில் நேர்கோடு போதும்.

மூன்றாவது கருவி. நேர்கோட்டுக்கு மட்டம் வேண்டும். சிப்பி வடிவத்துக்குக் கோப்பையைக் கவிழ்த்து ஓரம் வரையலாம். அமெரிக்காவின் தென்பகுதிப் பெண்கள் முழங்கையைத் துணியில் ஊன்றிக் கையைச் சுழற்றி, விசிறி போல அடுக்கடுக்காக வளைவு போடுவார்கள். அங்கே முழங்கையே கவராயம். எந்த ஊரில் எந்தக் கோலம் வழங்கியது என்பதற்கு, அந்த ஊர்ப் பெண்களின் கையில் என்ன கருவி இருந்தது என்பதும் ஒரு காரணம்.

கரித்தூளும் சாயவேரும்

துணியில் கோடு மாற்றுகிற வேலைக்கு நமக்குப் பக்கத்திலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கையால் எழுதிய பருத்தித் துணிகள் உலகமெல்லாம் போயின. அவற்றில் பெரிய கட்டில் விரிப்புகளைப் பலங்போஷ் என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போனவற்றில் பல, பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டுப் போர்வைகளாயின. நாம் இன்றும் சொல்கிற 'சீத்தை' என்ற சொல் அந்தத் துணிகளின் பெயரிலிருந்து மிஞ்சியதுதான்.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, அந்தத் துணிகள் எழுதப்படும் முறையை 1742இல் ஒரு கடிதத்தில் விவரித்தார். கோலத்தை முதலில் கடுதாசியில் வரைவார்கள். கோடு நெடுக ஊசியால் துளை குத்துவார்கள். கடுதாசியைத் துணியில் விரித்து, கரித்தூள் பொதிந்த துணிமுடிச்சால் தட்டுவார்கள். தூள் துளைவழியே இறங்கித் துணியில் புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து எழுதுகோல் ஓடும். வேலை முடிந்ததும் தட்டிவிட்டால் கரி போய்விடும்.

வட இந்தியச் சரிகை வேலைக்காரர்கள், இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், துளை குத்திய அந்தக் கடுதாசியைக் 'காக்கா' என்கிறார்கள். நம்முடைய மூத்த சகோதரனைச் சொல்கிற காக்கா அல்ல. உருவரை என்று பொருள்படும் பாரசீகச் சொல். இப்போது அவர்கள் கரித்தூளுக்குப் பதிலாக வெள்ளைத் தூளையோ நீலத்தையோ மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கிறார்கள். கலியாணச் சட்டைக்கு மணி வேலை செய்பவர்களிடமும் இந்த முறையைப் பார்க்கலாம்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சோழமண்டலத் துணியின் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் கம்பனி அதைத் தன் ஏகபோக உரிமையாக வைத்திருந்தது. படிகாரம் ஊட்டிய துணியில் சாயவேர் பிடித்தால், கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. அதனால்தான் ஐரோப்பா அதற்கு மயங்கியது.

உம்மாவின் விரிப்பிலும் சிவப்புச் சீத்தை நிறைய இருக்கிறது. அது சாயவேர்ச் சிவப்பல்ல. ஆலையில் அடித்த மலிவுச் சாயம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்த சிவப்புச் சதுரம் ஒன்றின் மேல் சிறிது நேரம் அமர்த்தி வைத்துப் பார்த்தேன். வெள்ளையில் ரோசா நிறம் ஏறியிருந்தது. அந்த நிமிஷத்தில் ஒன்று தீர்மானமாயிற்று. இந்தப் போர்வை தண்ணீர் காணக் கூடாது. கழுவினால் சிவப்பு பக்கத்து வெள்ளைச் சதுரங்களில் இறங்கிவிடும். ஆகவே கழுவித்தான் போக்க வேண்டிய கோடு எதையும் இதில் போட ஏலாது.

நீலப் பென்சிலும் இலங்கைக் காரீயமும்

இங்கிலாந்தின் வடக்கே நோர்தம்பர்லாந்தில் அலன்ஹெட்ஸ் என்றொரு சிறிய ஊர். ஈயச் சுரங்க ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கடை வைத்திருந்த ஜோர்ஜ் கார்டினர் என்பவர், போர்வைத் துணியில் கோலம் வரைந்து கொடுப்பதைத் தொழிலாகச் செய்தார். அவரிடம் பழகிய எலிசபெத் சாண்டர்சன் என்ற பெண் அதைத் தன் வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டார். பெண்கள் துணியை அனுப்புவார்கள். அவர் நீலப் பென்சிலால் பூவும் சுருளும் வரைந்து திருப்பி அனுப்புவார். தைப்பது அவரவர் வீட்டில். வரைவது ஒருவர், தைப்பது வேறொருவர் என்று வேலை பிரிந்தது. இன்று நம் ஊரில் சட்டைத் துணியைக் கொடுத்துக் கோலம் பதித்து வாங்குகிற ஏற்பாடும் அதே போலத்தான்.

இதில் என்னை நிறுத்தியது ஒரு விஷயம். கழுவப்படாமல் தப்பிய போர்வைகளில் அந்த நீலக் கோடு இன்றும் தெரிகிறது. அதைக் கொண்டுதான் இது அலன்ஹெட்ஸில் வரைந்தது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கோடு மறையாமல் நின்றதால் வரைந்தவரின் பெயரும் வரலாற்றில் நின்றது. நம் உம்மாமார் போட்ட கோடுகள் எல்லாம் ஒழுங்காக மறைந்துபோயின. அவர்கள் பெயரைச் சொல்ல எந்த நூதனசாலையிலும் ஒரு துணி இல்லை.

நீலப் பென்சில் வேறு, சாதாரணக் கரும்பென்சில் வேறு. கரும்பென்சிலின் உள்ளீடு காரீயம் (பென்சிற்கரி). அது போகலவிலும் கஹட்டகஹவிலும் நம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் முதலாம் உலகப் போர்க் காலத்திலும் கொழும்புத் துறைமுகத்தின் பெரிய ஏற்றுமதிகளில் காரீயமும் ஒன்று. கட்டி, சில்லு, தூள் என்று தரம் பிரிக்கும் கொட்டில்களில் பெண்கள் உடம்பெல்லாம் கறுத்து வேலை செய்தார்கள். அதை வாங்கிய பெரிய கம்பனிகளில் ஒன்று அமெரிக்காவின் ஜெர்சி நகரத்து டிக்சன் கம்பனி. உலோகம் உருக்கும் மூசையும் பென்சிலும் செய்த கம்பனி அது.

காரீயம் தண்ணீரில் கரையாது. நூலிழைகளுக்கு நடுவில் போய் அடைந்துகொள்ளும். மெல்லிதாகப் போட்டால் கைபட்டு மங்கும். அழுத்திப் போட்டால் வெள்ளைத் துணியில் வருஷக்கணக்கில் கிடக்கும். உம்மாவின் மட்டை அச்சில் '20 – 26' இன்னும் அழியாமல் இருப்பதும் அதனால்தான். மட்டைக்கு அது நல்லது, துணிக்கு ஆகாது.

மறைந்து திரும்பி வந்த கோடு

இனி என் கையால் நடந்த பிழையைச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன் டொரொன்டோவில் இருக்கிற மகளின் பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை தைத்தேன். வெள்ளைத் துணி, நடுவில் பூக்கோலம். சூட்டுக்கு மறையும் பேனா என்று ஒன்று கொண்டு வரைந்தேன். தைத்து முடித்து அயன் பெட்டியை ஓட்டியதும் கோடெல்லாம் மாயமாய்ப் போனது. மிச்சம் சந்தோஷத்தோடு பார்சல் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது ஜனவரியில். மகள் வீடியோவில் போர்வையை விரித்துப் பிடித்து, "உம்மா, இதுல என்ன கோடு கோடா ஈக்கிது?" என்று கேட்டாள்.

பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். அந்த மை துணியை விட்டுப் போவதே இல்லை. ஏறத்தாழ 60 பாகைச் சூட்டில் நிறமிழக்கிறது. உறைநிலைக்குக் கீழே 10, 20 பாகை போனால் நிறம் திரும்பி வருகிறது. கனடாக் குளிர் என் கோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மகள் மறுபடி அயன் பண்ணினாள், மறைந்தது. ஆனால் கோடு உள்ளே இருக்கிறது என்று எனக்கும் அவளுக்கும் தெரியும்.

மற்றப் பேனாக்களுக்கும் இப்படிக் குணம் உண்டு. நீல நிறத்தில் வருகிற தண்ணீர்ப் பேனா குளிர்ந்த நீரில் நன்றாக அலசினால் போகும். அலசுவதற்கு முன் அயன் பட்டால் கறையாக நிலைத்துவிடும். ஊதா நிறத்தில் வருகிற காற்றுப் பேனா தானாகவே ஓரிரு நாளில் மறையும். ஈரக்காற்றில் அது இன்னும் கெதியாக மறையும். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற என் வீட்டில், காலையில் போட்ட கோடு பின்னேரம் தையல் எடுக்கும்போது இருப்பதில்லை. நேர்கோட்டுக்கு ஒட்டுநாடா ஒட்டி ஓரத்தால் தைப்பவர்களும் உண்டு. நம் வெக்கைக்கு அதை இராத்திரி முழுக்க விட்டால் பசை துணியில் இறங்கிவிடும்.

ஆகவே எந்தக் கருவியையும் வாங்கியவுடன் போர்வையில் வைக்க வேண்டாம். அதே துணியின் ஒரு துண்டில் வரைந்து, போக்கிப் பார்த்து, ஒரு வாரம் விட்டு மறுபடியும் பாருங்கள். கோடு மறைந்தால் மட்டும் போதாது. எப்படி மறைந்தது, எங்கே போனது என்றும் தெரிய வேண்டும்.

கோடே போடாதவர்கள்

தண்ணீர் ஆகாது, சூடும் ஆகாது, கரியும் ஆகாது என்றானபோது, கோடு போடாமலே தைப்பவர்களைத் தேடினேன். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திகள் வாழ்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் மேல்துணியைத் தனியே பொருத்துவதில்லை. பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஓட்டத் தையலாலேயே பிடித்துக்கொண்டு, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முதற்கோடு துணியின் ஓரம். அடுத்த கோட்டுக்கு முதற்கோடே வழிகாட்டி. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டு வைப்பார்கள். அதற்குப் பூல, அதாவது பூ, என்று பெயர். அது இல்லாவிட்டால் கவந்தி முடிந்ததாக அவர்கள் எண்ணுவதில்லை.

வங்காளத்துக் காந்தாவிலும் கிட்டத்தட்ட இதே போலத்தான். பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். பூவுக்கு வெளிக்கோடு தைத்த பிறகு, அதைச் சுற்றிச் சுற்றியே மிச்ச இடத்தை நிரப்புவார்கள்.

இவர்களிடம் நான் கற்றது இதுதான்: துணியில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தால் புதிதாக வரையத் தேவையில்லை. உம்மாவின் விரிப்பில் கோட்டுக்கா பஞ்சம்? 380 சதுரம், ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை. மூலைக்கு மூலை பிடித்தால் சாய்கோடு.

ஹுஜ்வீரியின் கேள்வி

ஒட்டுப்போட்ட உடுப்பு நமக்குப் புதிதல்ல. உமர் (ரழி) அவர்கள் மதீனாவில் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில், அவர்களுடைய தோள்களுக்கு நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, மாலிக் இமாமின் முவத்தாவில் இருக்கிறது. சூபிகளின் ஒட்டு அங்கிக்கு முரக்கஆ என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கியிருக்கும் அலி ஹுஜ்வீரி, தமது கஷ்புல் மஹ்ஜூப் நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

அந்த அத்தியாயத்தில் நான் எதிர்பாராத ஒரு விவாதம் இருக்கிறது. ஒட்டுத் துண்டைத் தைக்கும்போது தையல் நேராக ஒழுங்காக இருக்க வேண்டுமா, ஊசி போன போக்கில் போகலாமா? ஷெய்குமார் இரண்டு பக்கமாக நின்றதாக ஹுஜ்வீரி சொல்கிறார். ஒழுங்கு பார்க்கத் தேவையில்லை, ஊசி வருகிற இடத்தில் நூலை இழு என்றது ஒரு பக்கம். செய்வதைச் செம்மையாகச் செய், வெளி ஒழுங்கு உள் ஒழுங்கின் அடையாளம் என்றது மறுபக்கம். துறவிக்குக் குறைந்தபட்சம் வேண்டியவை எவை என்று தூஸ் நகரில் ஷெய்கு குர்கானியிடம் கேட்டபோது, அவர் சொன்ன மூன்றில் ஒன்று ஒட்டைச் சரியாகத் தைக்கத் தெரிவது. 'சரியாக' என்பதற்கு ஹுஜ்வீரி தரும் விளக்கம்: பகட்டுக்காக அல்லாமல் ஏழ்மைக்காகத் தைத்த ஒட்டே சரியான ஒட்டு, தையல் கோணினாலும் அது சரிதான்.

இதை வாசித்தபோது எனக்கு என் பூக்கோலம் ஞாபகம் வந்தது. உம்மாவின் விரிப்பின் மேலும் இறகும் கொடியும் போட வேண்டும் என்ற ஆசை என்னிடம் இருந்தது. அது யாருக்குக் காட்ட? சீத்தைக்கு மேல் அது தெரியவும் தெரியாது. ஒவ்வொரு தையலும் பழந்துணியில் ஒரு துளை. தேவைக்கு மேல் துளை போடுவது அந்தத் துணிக்குச் செய்யும் அநியாயம்.

மாமாவின் சவுக்காரத் துண்டு

1991இல் புத்தளத்தில் மாமாவைப் பார்க்கப் போயிருந்தோம். ஓலைக் கொட்டிலுக்கு வெளியே இரவல் மெஷின் ஒன்றைப் போட்டு அவர் தைத்துக்கொண்டிருந்தார். தேய்ந்து மெலிந்த சவுக்காரத் துண்டொன்றால் கறுப்புத் துணியில் அளவுக்கோடு போட்டார். கத்தி முனை போலக் கூர்மையான வெள்ளைக் கோடு. வெண்கட்டி இல்லையா என்று கேட்டேன். "வெண்கட்டி எல்லாம் அங்கையே கிடக்கு பிள்ளை. இது காணும். தட்டினாப் போயிடும்" என்றார்.

தையற்காரருக்குச் சவுக்காரம் உலகமெங்கும் பழைய கருவி. எண்ணெயும் வாசனையும் அதிகம் சேராத சவுக்காரமாக இருக்க வேண்டும். காய்ந்து மெலிந்திருக்க வேண்டும். கடுநிறத் துணியில்தான் தெரியும். வெளிர்நிறத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஜப்பானில் கிமோனோ தைப்பவர்கள் எலும்பால் செய்த ஹெரா என்ற தட்டைத் துண்டால் துணியை அழுத்தி இழுப்பார்கள். நிறம் எதுவும் ஒட்டாது. மடிப்புத் தடம் மட்டும் விழும். என்னிடம் ஹெரா இல்லை, சாக்கூசி இருக்கிறது. அதன் மழுங்கிய பக்கத்தால் மட்டம் பிடித்து இழுத்தால் பருத்தியில் தடம் தெளிவாக விழுகிறது. அரை மணித்தியாலம் நிற்கும். ஆகவே முழுப் போர்வைக்கும் முன்கூட்டியே வரைந்து வைக்க முடியாது. ஒரு கோடு இழுத்து, அதைத் தைத்து முடித்து, அடுத்ததை இழுக்க வேண்டும்.

முடித்த விதம்

நடு அடுக்குக்கு, முன்பே பல தடவை கழுவிய பழைய பிளனல் துணி. நம் வெக்கைக்கு அதற்கு மேல் கனம் தேவையில்லை. அடித்துணிக்கு, உம்மா அதே தலையணை உறையில் மடித்து வைத்திருந்த வெள்ளவத்தை மில் வெள்ளைத் துணி. இன்று ஹெவ்லொக் வீதிப் பக்கம் உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் நிற்கிற இடத்தில்தான் அந்த நூல் நூற்பு, நெசவு ஆலை இருந்தது. மலையாளத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வேலை செய்த ஆலை. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தத்தால் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்துத் துண்டுக்கு வெள்ளவத்தைத் துணியை அடியாகப் பிடிக்க உம்மா நினைத்திருக்கிறார். அதை நான் மாற்றவில்லை.

கோலம் ஒரே திசையில் போகிற சாய்கோடு. சதுரம் 3 அங்குலம் என்றால் சாய்கோடுகளுக்கு நடுவே 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும். பிளனலுக்கு அது தாராளம். குறுக்கே இன்னொரு திசையிலும் ஓட்டிக் கட்டமாக்கலாம். வேண்டாம் என்று விட்டேன். மூலைகளில் தையல்விளிம்புகள் சேர்ந்து தடிப்பாக இருக்கும். அங்கே மட்டும் ஊசியை நேரே குத்தி இறக்கி, கீழிருந்து திருப்பி எடுக்கிறேன். வெளிர்நிறச் சதுரங்களில் சாக்கூசித் தடம். கடும்நீலத்திலும் கறுப்பிலும் தடம் சரியாகத் தெரிவதில்லை. அங்கே சவுக்காரத் துண்டு.

குறைந்த 7 வரிசையைச் சேர்ப்பதா என்று கன நாள் யோசித்தேன். யாழ்தேவி 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் போனது. அப்போது மாமா இல்லை. சோனகத் தெருவில் அந்தக் கடையும் இல்லை. பொட்டலம் அனுப்ப ஆள் இல்லாத இடத்தில் 20ஆம் வரிசைக்கு நான் எங்கே துணி தேடுவது? 19 வரிசையோடு ஓரம் கட்டுவது என்று முடிவெடுத்தேன். போர்வை கட்டிலுக்குக் காணாது. பரவாயில்லை, சுவரில் தொங்கட்டும்.

20க்கு 19 சதுரத்தில் சாய்கோடு மொத்தம் 38. இதை எழுதும்போது 11 முடிந்திருக்கிறது. எல்லாம் முடிந்தபின், அடித்துணியின் ஒரு மூலையில் உம்மாவின் பெயரையும் மாமாவின் பெயரையும், 'சோனகத் தெரு – கொட்டாஞ்சேனை – வெள்ளவத்தை' என்பதையும், 1990 என்ற வருஷத்தையும் நூலால் எழுதப்போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் உம்மும்மாவோ மாமியோ ராத்தாவோ தைத்த விரிப்பு, தொட்டில் துணி, தொழுகைப் பாய் உறை ஏதாவது கிடக்கும். கழுவுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்காவது பழைய கோடு தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள். துணி எங்கே வாங்கியது, யார் தைத்தது, எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதி, அந்தத் துணியோடு மடித்து வையுங்கள். பென்சிலால் எழுதலாம், கடுதாசியில் அது நெடுநாள் நிற்கும்.